ஒரு எழுத்து எழுதமாட்டாள்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

என் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீங்களும் உங்கள் கப்பலும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுதவும்.

கையெழுத்தைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். போன வாரம் பெட்ரோல் பங்க்கில் வேலையாக இருந்தபோது டீசல் சிந்தியிருந்த இடத்தில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு போட்டிருக்கிறது. அதனால் வார்த்தை என்னுடையது, கை உங்கள் மனைவியுடையது. கரையில் எண்ணெய்க் கிடங்கு வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்த நீங்கள், யாரையும் கேட்காமல் இந்தப் பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னீர்களே, அன்றைக்கு அவள் சொன்னது நினைவிருக்கும். "அவனுக்கு ஒரு எழுத்து எழுதமாட்டேன்." அவன் என்றது அவள், நானில்லை. மாப்பிள்ளையை வா, போ என்று பேசாதே என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தச் சபதத்தில் அப்படியே நிற்கிறாள். நான் சொல்வதை மட்டும் எழுதுவாளாம். தன் பங்குக்கு ஒரு புள்ளிகூட வைக்கமாட்டாளாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுதல் வைக்கிற டீச்சர், இப்போது தானே உட்கார்ந்து எழுதுகிறாள். இந்த வரியை எழுதும்போது முறைக்கிறாள்.

அவளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. கப்பலிலிருந்து போன் பேச விடமாட்டார்கள், கடிதம்தான் போகும், அதிலும் கப்பல் நிற்கும் இடத்தின் பெயர் இருக்கக்கூடாது என்று உங்கள் கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப்போகிறோம்? நீங்கள் நன்றாக இருந்தால் போதும்.

பங்க்குக்கு லாரி வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் பாதிதான் நிரப்பி வருகிறது. கடல் வழியை அடைத்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். கடலை எப்படி அடைப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்தால் எழுதவும்.

உங்கள் நலம் விரும்பும்
அத்தை


மார்ச் 15

அத்தைக்கு வணக்கம்.

நான் சுகம். பசி, தூக்கம் இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன. உங்கள் மணிக்கட்டு சீக்கிரம் குணமாகட்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மெதுவாகவே குணமாகட்டும்.

கடலை அடைப்பது சுலபம் அத்தை. பெரிய கடலுக்குப் போகும் வழி ஓரிடத்தில் சந்துபோலக் குறுகிவிடுகிறது. அந்தச் சந்தின் இரு பக்கமும் இருக்கிற இரண்டு நாட்டுக்காரர்களுக்குச் சண்டை. 'தாண்டினால் சுடுவேன்' என்று ஒருவர் சொன்னாலே போதும், கப்பல்கள் எல்லாம் நின்றுவிடும். சண்டை அந்த இரண்டு பேருக்கு. எண்ணெய் மூன்றாவது நாட்டு மண்ணில் எடுத்தது. கப்பலில் பறப்பது நான்காவது நாட்டுக் கொடி. முதலாளி ஐந்தாவது நாடு. நடுவில் நாங்கள் நங்கூரம் போட்டுவிட்டு டெக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம். கப்பல் இருக்கும் இடம் யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்று எல்லோருடைய போனையும் கேப்டன் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். தண்ணீரும் காய்கறியும் கொண்டுவரும் படகில்தான் கடிதங்கள் வந்து போகின்றன.

என் வேலை என்ன என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். அப்போது கூச்சத்தில் சரியாகச் சொல்லவில்லை. நான் பம்ப்மேன். எண்ணெயை ஏற்றுவது, இறக்குவது, காப்பது. சும்மா நிற்கும் நாட்களிலும் தொட்டி தொட்டியாகப் போய் நாடாவை விட்டு அளக்கவேண்டும். எண்ணெயை அல்ல. மேல்விளிம்பிலிருந்து எண்ணெய் வரைக்கும் எவ்வளவு காலி என்று அளப்போம். காலி தெரிந்தால் உள்ளே இருப்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் கடிதத்தை எழுதுகிறவர் 'ழ' எழுதும்போது வாலைக் கொஞ்சம் நீளமாக இழுப்பார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். முடிந்தால் 'ழ' வருகிற மாதிரிச் செய்திகளாகப் பார்த்துச் சொல்லவும்.

பணிவுடன்
மாப்பிள்ளை


மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

மழை. பழம். கிழமை. தாழ்ப்பாள். புழுக்கம். கீழ் வீட்டுக் குழந்தை விழுந்து, எழுந்து, அழுதது. போதுமா? எழுதுகிறவள் முகத்தை உம்மென்றுதான் வைத்திருக்கிறாள். ஆனால் வாலைச் சுருக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் பங்க்கில் அளவு உங்களுக்கு நேர்மாறு. தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குள் ஒரு நீளமான பித்தளைக் கம்பியை, டிப் ராடு என்போம், அடிவரைக்கும் விட்டு எடுத்து எதுவரைக்கும் நனைந்திருக்கிறது என்று பார்ப்போம். நான் இருப்பதை அளக்கிறவள். நீங்கள் இல்லாததை அளக்கிறவர். உங்கள் தலைமுடி ஏன் சீக்கிரம் நரைக்கிறது என்று இப்போது புரிகிறது.

விடிவதற்குள் வரிசை அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுகிறது. எண்ணெயை நான்தான் இடுப்பில் செருகி ஒளித்துவைத்திருப்பதுபோலத் திட்டுகிறார்கள். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "என் மாப்பிள்ளை கப்பலோட நடுக்கடல்ல நிக்கிறாரு, அவர் வந்ததும் உங்க எல்லாருக்கும் ஊத்தறேன், போங்க!" என்று கத்திவிட்டேன். வந்தது வினை. இப்போது வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் உங்களை விசாரிக்கிறார்கள். பால் வண்டிக்காரர் ஒருவர் இருக்கிறார், எப்போதும் முதல் ஆள். "மாப்பிள்ளை வந்துட்டாரா? உடம்பு நல்லாருக்கா? வேளைக்குச் சாப்பிடறாரா?" என்று தினமும் கேட்கிறார். சொந்தத் தம்பியைக்கூட இவ்வளவு அக்கறையாக விசாரித்திருக்கமாட்டார்.

இதற்கு மேலே ஒரு வரி அடித்திருக்கும், பாருங்கள். அவளுக்குச் சாயங்காலமானால் கால் வீங்குகிறது என்று நான் சொன்னேன். அவள் 'அவள் மிகவும் நலமாக இருக்கிறாள், யாரும் கவலைப்பட வேண்டியதில்லை' என்று எழுதிவிட்டாள். கண்ணாடி போட்டு வாசித்ததும் பிடித்துவிட்டேன். அடிக்கச் சொன்னேன். அடித்திருக்கிறாள். கால் வீங்குகிறது, அவ்வளவுதான். பயப்படும்படி ஒன்றுமில்லை.

அன்புடன்
அத்தை


ஏப்ரல் 9

அத்தைக்கு வணக்கம்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். வெயிலில் கறுத்துப்போனதைத் தவிர மாற்றம் எதுவுமில்லை. பால் வண்டிக்காரரிடம் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லவும். எங்கள் சமையற்காரர் தினமும் ரொட்டி சுடுகிறார். பக்கத்துக் கப்பல்காரர்கள் வாசனை பிடித்துக்கொண்டு கை காட்டுகிறார்கள். அந்தக் கப்பல் கூப்பிடு தூரத்தில்தான் நிற்கிறது. சாயங்காலம் அவர்கள் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் நின்று சத்தம்போட்டு வம்பு பேசுவோம். பாதி புரியாது. சிரிப்பதற்குப் புரியவேண்டுமா என்ன?

வரிசையில் நிற்பவர்களிடம் இதைச் சொல்லவேண்டாம். என் தொட்டியில் இருப்பது கச்சா எண்ணெய். வண்டியில் ஊற்றினால் வண்டி செத்துவிடும். அதோடு இது நம் ஊருக்கு வருவதும் இல்லை. நின்ற இடத்தில் நிற்கும்போதே இந்த எண்ணெயைக் கைமாற்றி விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் ஒருவர் சொந்தக்காரர், மாலையில் வேறொருவர். எங்கே கொண்டுபோய் இறக்கவேண்டும் என்று கேப்டன் கேட்டால், 'இப்போதைக்கு நில்லுங்கள்' என்கிறார்களாம். ஊரெல்லாம் இதற்காக அடித்துக்கொள்கிறது. இதுவோ அசையாமல் நின்றபடியே விலை ஏறிக்கொண்டிருக்கிறது.

அடித்த வரியில் என்ன இருந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இருந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். நீங்கள் சொல்லாமல் அவளாக எழுதிய வரி இதுவரைக்கும் அது ஒன்றுதான். 'யாரும் கவலைப்பட வேண்டியதில்லை' என்பதில் அந்த 'யாரும்' நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது அத்தை. அன்றைக்கு அளந்த அளவெல்லாம் தப்பாகப்போய் மறுபடி அளந்தேன்.

பணிவுடன்
மாப்பிள்ளை


ஏப்ரல் 24

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. நாங்களும் சுகமாக இருக்கிறோம்.

மாவுக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். டிப் ராடு பிடித்தால் வலிக்கவில்லை. தண்ணீர்க்குடம் தூக்கினால் வலிக்கவில்லை. பேனா பிடித்தால் மட்டும் சுண்டி இழுக்கிறது. டாக்டருக்கே புரியவில்லை. ஆகையால் இவள்தான் இன்னும் கொஞ்ச நாள் எழுதவேண்டியிருக்கும். இவளும் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை, காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்வதில் பிழை இருந்தால் திருத்திவிட்டுத்தான் எழுதுகிறாள். பெற்ற தாய்க்கே மதிப்பெண் போடாத குறை.

ஊரில் வண்டிச் சத்தமே இல்லை. பள்ளிக்கூட பஸ் நின்றுவிட்டது. இவள் நடந்துதான் போய் வருகிறாள். பிள்ளைகள் நடுத்தெருவில் பந்து விளையாடுகிறார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், தெரு இப்போதுதான் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வண்டி நின்றால் அழகையா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ராடு நுனி மட்டும் நனையும் அளவுக்கு டீசலை ஆம்புலன்சுக்கென்று தொட்டியில் நிறுத்திவைத்திருக்கிறேன். பங்க் முதலாளியே கேட்டாலும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பால் வண்டிக்காரருக்கும் எனக்கும் இதில்தான் சண்டை. "பால் திரிஞ்சு போகுதும்மா, அந்த ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் வந்தே எத்தனை நாளாச்சு!" என்று கத்தினார். "வராம இருந்தா சந்தோஷப்படு" என்றேன். கோபித்துக்கொண்டு போனவர் உங்களைக்கூட விசாரிக்கவில்லை.

நங்கூரம் போட்டு நின்ற கப்பல் ஒன்று தாக்கப்பட்டுத் தீப்பிடித்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். எந்தக் கப்பல் என்று சொல்லவில்லை. அது உங்களுக்குப் பக்கமா, தூரமா? இந்த வரியில் தாள் கிழிந்திருப்பதற்கு நான் பொறுப்பில்லை. பேனாவை அப்படி அழுத்தினால் கிழியாமல் என்ன செய்யும்?

உடனே பதில் எழுதவும்.

அத்தை


மே 5

அத்தைக்கு வணக்கம். நான் நலம், நலம், நலம். கிழிந்த தாளுக்காக மூன்றுமுறை எழுதியிருக்கிறேன்.

தீ பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடல் ரொம்பப் பெரியது அத்தை. எங்கள் சமையற்காரருக்கு இப்போது வேலை அதிகம். கூடுதலாக ரொட்டி சுடவேண்டியிருக்கிறது.

எழுத வந்த விஷயம் வேறு. காவலுக்குப் போர்க்கப்பல் கூட வருமாம். அந்தக் குறுகிய வழியைத் தாண்டிப் போய்விடலாம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. வர விரும்புகிறவர்கள் சம்மதம் என்று கையெழுத்துப் போடவேண்டும். விரும்பாதவர்கள் காய்கறிப் படகில் கரைக்குப் போய் ஊருக்கு விமானம் ஏறிக்கொள்ளலாம். யாரும் குறைசொல்லமாட்டார்கள். எனக்குப் பதிலாக வருவதற்கு ஒரு பம்ப்மேன் கரையில் தயாராக இருக்கிறார். எண்ணெயைக் கடைசியாக வாங்கியிருப்பது நம் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைதான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து உங்கள் வரிசையும் பால் வண்டிக்காரரும் கண்முன்னால் வந்து நிற்கிறார்கள். கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் இறங்கவேண்டும் என்று ஒரு மனசு. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவரவேண்டும் என்று ஒரு மனசு.

போனமுறை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். இந்தமுறை அவள் சொல்லாமல் போடமாட்டேன். அவள் சபதத்தை முழுதாக உடைக்கவேண்டாம். ஒரு எழுத்து போதும். 'வா' என்றாலும் ஒரு எழுத்துதான், 'போ' என்றாலும் ஒரு எழுத்துதான். தமிழில் இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

காத்திருக்கும்
மாப்பிள்ளை


மே 19

மாப்பிள்ளைக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

கை சரியாகிவிட்டது. இனிமேல் நானே எழுதுகிறேன். வெள்ளிக்கிலமை நல்ல மலை பெய்தது. காற்று குளிர்ச்சியாக இருக்கிறது. பங்க்குக்கு இன்று லாரி வந்தது.

உங்கள் கடிதம் வந்தது. கொஞ்சம் பொறுங்கள். அவசரப்படவேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அத்தை


மே 27

அத்தைக்கு வணக்கம். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். சுகமாக இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மலை பெய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மலை பெய்ததில் ஊரில் யாருக்கும் அடிபடவில்லையே? இந்தக் கேலியை எழுதிவிட்டு நானே சிரிக்கவில்லை. நீங்கள் எழுதியதைத் திருத்தாமல் அவள் உறை ஒட்டவிடமாட்டாள். காய்ச்சலோடு படுத்திருந்தாலும் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். 'கிலமை'யைப் பார்த்துச் சும்மா இருந்தாள் என்றால் அவள் அந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் அவள் வீட்டில் இல்லை. பேனா பிடித்தால் மட்டும் வலிக்கிற கை ஒரே நாளில் சரியானதும் எனக்குப் பிடிக்கவில்லை. கடிதம் முழுக்க அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் காலியை அளந்து பிழைக்கிறவன் அத்தை. உங்கள் கடிதத்தில் அளந்தேன். அடிவரைக்கும் காலி.

நீங்கள் மறைத்தீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானும் மறைத்தேன். ரேடியோவில் சொன்னது பக்கத்துக் கப்பல்தான். கூப்பிடு தூரத்தில் நின்று எங்களோடு வம்பு பேசிக்கொண்டிருந்தவர்கள். தீயின் சூடு என் முகத்தில் அடித்தது. அவர்களை நாங்கள்தான் கயிறு போட்டு ஏற்றிக்கொண்டோம். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். சமையற்காரர் கூடுதலாக ரொட்டி சுடுவது அவர்களுக்காகத்தான். கிழிந்த தாளைப் பார்த்த பிறகு இதை எழுதக் கை வரவில்லை.

சம்மதத் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எல்லோரும் போட்டுவிட்டார்கள் அல்லது இறங்கிவிட்டார்கள். "உனக்கு மட்டும் என்னய்யா?" என்று கேப்டன் கேட்டார். "வீட்லேர்ந்து ஒரு எழுத்து வரணும் சார்" என்றேன். அடுத்த படகு வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறது.

எனக்கு வேறெதுவும் வேண்டாம். அவள் இருக்கிறாளா, எப்படி இருக்கிறாள், அதை மட்டும் எழுதுங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 8

மாப்பிள்ளைக்கு,

முதலில் மூச்சை விடுங்கள். இரண்டு பேரும் சுகம். ஆம், இரண்டு பேர். இந்தக் கடிதத்தில் பிழை இல்லாததைப் பார்த்தே தெரிந்திருக்கும், கட்டிலில் சாய்ந்தபடியே திருத்திக் கொடுத்தாள்.

பெண் குழந்தை. நாள் பார்க்காமல் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. ஆள் சின்னது, ஆனால் அழுதால் வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் அந்தக் கடிதத்தை எழுதியது அப்போதுதான். குழந்தை தேறுமா என்று டாக்டர் வாய் திறந்து சொல்லாத நேரம். அதை எழுதினால் நீங்கள் கடலில் குதித்து நீந்தியே வந்துவிடுவீர்கள் என்று பயந்தேன். எழுதாமல் இருந்தும் பயந்தேன். அவளுக்கு உங்கள் கடிதத்தைக் காட்டவுமில்லை. இப்போது பயமில்லை. நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் போய் ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் போக டீசல் இல்லை, நேரே என் பங்க்குக்கு வந்து நின்றது. உள்ளே யார் என்று எனக்குத் தெரியாது. பால் வண்டிக்காரர்தான் முதல் ஆளாக நின்றிருந்தார். "இப்ப மட்டும் வந்துட்டான் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தவர் அப்படியே திரும்பினார். "எல்லாரும் ஓரமா போங்க, நம்ம டீச்சரு! மாப்பிள்ளையோட சம்சாரம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ராடு நுனியில் நனைந்திருந்ததெல்லாம் அந்த வண்டிக்குள் போயிற்று. நான் வண்டிக்குள் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். குழாயை அவர்தான் பிடித்துக்கொண்டார். எந்த நாட்டு மண்ணிலிருந்து எடுத்ததோ, எந்தக் கடல் வழியைத் தாண்டி வந்ததோ, யார் யாரை மிரட்டி அனுப்பியதோ, எனக்குத் தெரியாது. எண்ணெய் என்று பேச்செடுத்தாலே எரிந்து விழுகிற என் மகளை அதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப் பிறகு அவளும் எண்ணெயைத் திட்டுவதில்லை. உங்களை மட்டும்தான் திட்டுகிறாள்.

பால் வண்டிக்காரர் உங்களிடம் சொல்லச் சொன்னது: "கப்பலை வேற யாராவது ஓட்டிட்டு வரட்டும்மா. மொதல்ல மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க." வரிசையே ஒத்துக்கொண்டுவிட்டது.

உங்கள் கடிதங்கள் இரண்டையும் நேற்று அவளிடம் கொடுத்தேன். பக்கத்துக் கப்பல் எரிந்ததை வாசித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். அழுதாளா என்று தெரியவில்லை, குழந்தை அழுத அழுகையில் வேறு எதுவும் கேட்கவில்லை. இன்று காலையில் பேனா கேட்டாள். பெரிய தாளாக வேண்டும் என்றாள். பக்கம் பக்கமாக எழுதப்போகிறாள் என்று நினைத்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதி முடித்ததைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "மாப்பிள்ளைக்கு இப்படியா எழுதறது? மரியாதையா இன்னும் ரெண்டு எழுத்து சேத்தா கை தேஞ்சா போயிடும்?" என்றேன். "அவன் கேட்டது ஒண்ணுதான்" என்கிறாள்.

பெற்றவள் நான் அவளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். மீதி முழுவதையும் காலியாக விட்டிருக்கிறாள். அதை எப்படி அளப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுகமாக வந்து சேரவும்.

அத்தை


(உடன் வைத்த தாள்)

வா